மாய்னோ வீட்டுக் கிளை

மாய்னோ ஹெம்ப்ரமுக்கு வாய் கொஞ்சம் நீளம். சால்பத்ராவில் எல்லோரும் அதைச் சொல்வார்கள், அவளும் ஒத்துக்கொள்வாள். புருஷன் லொகோன் இருந்தவரைக்கும் அவள் பேச்சைக் கேட்டு ஊரே சிரித்தது. அவன் காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகு அதே வாய்க்கு 'ராங்கிக்காரி' என்று பெயர் வைத்தார்கள். புருஷன் இருந்தால் வேடிக்கைப் பேச்சு, இல்லாவிட்டால் திமிர். நம் ஜனங்களின் நியாயம் அப்படி.

லொகோன் விட்டுப்போனது எட்டு பிகா நெல் வயல், ஒரு ஜோடி மாடு, சல்கே என்று ஒரு மகள். மகன் கிடையாது. மகன் இல்லாதவன் நிலம், அவன் பெண்டாட்டியும் கண்ணை மூடியதும் பங்காளிக்குப் போகும். லொகோனின் அண்ணன் பாஜல் அதற்காகத்தான் காத்திருந்தான். ஆனால் மாய்னோ அந்தத் தை மாதம் ஒரு காரியம் செய்தாள். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ராமாய் என்ற பையனை மகளுக்குப் பேசி முடித்தாள், வீட்டோடு மாப்பிள்ளையாக. ஊர் சாட்சியாக அவன் அந்த வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டால் நிலம் மகளுக்கும் மருமகனுக்கும்தான். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது.

பத்து நாள் பாஜல் யாருடனும் பேசவில்லை. பதினோராம் நாள் ஊர்த் தலைவர் மாஞ்சியின் பேரன் காய்ச்சலில் இறந்தான். அந்த வருஷம் அந்தக் காய்ச்சல் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பிள்ளைகளை வாரிக்கொண்டு போனது. அதெல்லாம் யாருக்கு வேண்டும்? சூனியக்காரி தின்றுவிட்டாளாம். யார் முதலில் சொன்னது என்று கேட்டால் எல்லோரும்தான் சொன்னார்கள் என்பார்கள். நான் சொல்கிறேன், பாஜல்தான் சொன்னான். அதுவும் துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அவர்கள் ஊற்றிக் கொடுத்த அரிசிக் கள்ளைக் குடித்துக்கொண்டு.

ஏழு வருஷத்துக்கு முன்னால் புங்கி என்று ஒருத்தியை இப்படித்தான் சூனியக்காரி என்று அடித்தே கொன்றார்கள். அவளுடைய பதினாலு இலுப்பை மரங்களும் இன்றைக்கு யார் கையில் இருக்கின்றன என்று ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள். பேய் பிசாசையெல்லாம் அப்புறம் பேசலாம்.

மாஞ்சி கிளை நடச் சொன்னார். வீட்டுக்கு ஒரு சால் மரக் கிளை, தெருக்கோடியில், வீடுகள் இருக்கிற வரிசையிலேயே நட வேண்டும். மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் எது வாடுகிறதோ அந்த வீட்டில் சூனியக்காரி இருக்கிறாள் என்று அர்த்தம். இருபத்திரண்டு கிளைகளையும் பாஜலே வெட்டிக் கட்டிக்கொண்டு வந்தான். "துக்கத்துல இருக்கறவங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றான். அவனே ஆளுக்கொன்றாக எடுத்துக் கொடுத்தான்.

மாய்னோ கிளையைக் கையில் வாங்கினாள். ஆறு வயதிலிருந்து சால் இலை தைத்து இலைத் தட்டு செய்கிற கை அது. பட்டை உள்ளுக்குள்ளே வழுக்கியது. வெட்டிய நுனியை முகர்ந்தாள், வெந்த கீரை வாசனை. பாஜல் அதை வேக வைத்துக் கொண்டுவந்திருக்கிறான் என்று புரிந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக வாயைத் திறக்காமல் நட்டாள். திறந்திருந்தால், கிளையைக் கண்டதும் சூனியக்காரி பயந்துவிட்டாள் என்றிருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக சல்கேயைப் பக்கத்து ஊரில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்கு அனுப்பினாள்.

மறுநாள் விடிந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு கிளைகள் நட்ட இடத்துக்குப் போனாள். காவலுக்கு இருந்த இரண்டு பேரும் குடித்துவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது கிளை அவளுடையது, ஆறாவது பாஜல் வீட்டுக் கிளை. இரண்டையும் பிடுங்கி இடம் மாற்றி நட்டாள். 'நீ வேக வச்சத நீயே தின்னுடா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனாள்.

உச்சிப்பொழுதில் ஊர் கூடியது. ஐந்தாவது கிளை பச்சையாக நின்றது. ஆறாவது கிளையின் இலைகள் கறுத்துத் தொங்கின. மாஞ்சி இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். பாஜலின் முகம் வெளுத்ததைப் பார்த்து மாய்னோவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

பாவம், அவள் ஒன்றை மறந்துவிட்டாள். நம் ஜனங்களிடம் சூனியக்காரி உண்டு, சூனியக்காரன் கிடையாது. ஆறாவது வீட்டில் பாஜலும் இரண்டு மகன்களும் இருந்தார்கள். பொம்பளை என்று ஒருத்திதான், அவன் பெண்டாட்டி சுர்கி. மாஞ்சியின் மகன் நேரே போய் அவள் கொண்டையைப் பிடித்தான்.

"ஏங்க, சொல்லுங்களேன்! உங்களுக்குத்தான் தெரியுமே! வாயத் தொறந்து சொல்லுங்க!" என்று சுர்கி கதறினாள்.

பாஜல் அந்தக் கிளையைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் ரொம்ப நாளா இவ மேல ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றான்.

இருபத்தாறு வருஷம் அவனுக்குச் சோறு ஆக்கிப் போட்டவள். படுபாவி!

மாய்னோ பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். உயிர் தப்பியது, வயல் தப்பியது, மகள் கல்யாணம் நடக்கும். சுர்கியும் ஒன்றும் நல்லவள் இல்லை, இவளுடைய கோழியைத் திருடித் தின்றவள்தான். 'எப்படியோ போகட்டும்' என்று மாய்னோ இரண்டு எட்டு எடுத்தும் வைத்துவிட்டாள். அப்போது பின்னால் மறுபடியும் பாஜலின் குரல் கேட்டது. "இவ கையால தின்னதுலேருந்துதான் எனக்கு இடுப்பு வலியே."

தம்பி பெண்டாட்டி மூத்தவன் முகம் பார்த்துப் பேசக்கூடாது, அவன் பெயரைச் சொல்லக்கூடாது என்பது நம் வழக்கம். கல்யாணமான நாளிலிருந்து மாய்னோ அவன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

"டேய் பாஜல்!" என்றாள்.

சுர்கியின் கொண்டையைப் பிடித்திருந்தவன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

"அவள விடுங்கடா. வாடுன கிளை என்னோடது. விடியக்காலையில நான்தான் மாத்தி நட்டேன்."

மாஞ்சி நிதானமாகக் கேட்டார். "அப்ப வாடுனது உன் வீட்டுக் கிளையா?"

"ஆமா."

"அப்ப முடிஞ்சுபோச்சு."

"என்னய்யா முடிஞ்சுபோச்சு? இங்க பாருங்க!" அவள் அந்தக் கிளையைப் பிடுங்கிக் கட்டை விரலால் அழுத்தினாள். அவித்த கிழங்கின் தோலாகப் பட்டை உரிந்து வந்தது. "இது வாடல, வெந்துருக்கு! மோந்து பாருங்க! எந்த அடுப்புல வெந்துச்சுன்னு கேக்க ஒரு ஆம்பளைக்கும் நாக்கு இல்லையா?"

ஒவ்வொருவர் மூக்குக்கு நேராகவும் கொண்டுபோய் நீட்டினாள். சால் காட்டிலேயே பிறந்து வளர்ந்த ஜனங்கள். பச்சைக் கிளைக்கும் வெந்த கிளைக்கும் வித்தியாசம் தெரியாதவர் அங்கே ஒருவர்கூட இல்லை. எல்லோரும் பார்த்தார்கள், எல்லோருக்கும் புரிந்தது. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு ஆத்திரம் பாஜல் மேல்கூட இவ்வளவு இல்லை, அந்தக் குனிந்த தலைகள் மேல்தான்.

சுர்கிதான் வாயைத் திறந்தாள். மாஞ்சியின் மகன் அவள் கொண்டையை இன்னும் விடவில்லை. "என் அடுப்புலதான் வெந்துச்சு. நெல்லு அவிக்கிற பானையில. இவருதான் வேக வைக்கச் சொன்னாரு."

பாஜல் அவள் வாயிலேயே ஓங்கி அடித்தான். யாரும் தடுக்கவில்லை.

மாஞ்சி யோசித்தார். யோசித்துச் சொன்ன தீர்ப்பைக் கேளுங்கள். ஒருத்தி சாமி கிளையை வேக வைத்தாள், ஒருத்தி இடம் மாற்றினாள். சூனியம் தெரியாத பொம்பளைக்கு அந்தத் துணிச்சல் வருமா? ஆக, இரண்டு பேரும் கூட்டு. வேக வைக்கச் சொன்னவனை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. புங்கி விஷயத்தில் போலீஸ் வந்து மூன்று பேரை இழுத்துக்கொண்டு போயிருந்ததால் இந்தத் தடவை கொல்லாமல், பொழுது சாய்வதற்குள் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். அதைப் பெரிய இரக்கம் என்று வேறு பேசிக்கொண்டார்கள். ராமாயின் அப்பா மறுவாரமே சம்பந்தத்தை முறித்தார். முதல் மழைக்கு பாஜல் எட்டு பிகாவையும் லொகோனின் மாடுகளைக் கட்டியே உழுதான்.

அன்றைக்குச் சாயங்காலம் ஓரகத்திகள் இரண்டு பேரும் மாய்னோவின் தம்பி ஊருக்கு நடந்துகொண்டிருந்தார்கள். கல்லெறி பட்டு மாய்னோவின் காது கிழிந்திருந்தது. சுர்கி வீங்கிய உதட்டை முந்தானையால் ஒற்றிக்கொண்டு பின்னால் வந்தாள். ஆற்று மணலில் இறங்கியதும் மாய்னோ சட்டென்று நின்று திரும்பினாள்.

"ஏன்க்கா, இந்த வாய நேத்தே தொறந்திருந்தா என்ன? 'பானையில போட்டு வேக வச்சது நான்தான்'னு நேத்து எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?"

சுர்கி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"நேத்து அடிபட்டது உன் பேருதானே, மாய்னோ" என்றாள்.