மாதம்மாவும் காணாமற்போன கனகாம்பர விதையும்

மாதம்மா யாரையும் நம்பமாட்டாள். பால்காரன் அளக்க வந்தால் படியைக் கவிழ்த்து அடியில் ஒடுக்கு இருக்கிறதா என்று பார்ப்பாள். நான் கொடுக்கும் உறைமோரைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொள்வாள். குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் பிள்ளை பெற்றுக் கிடந்தபோது கஷாயம் காய்ச்சிக் கொடுத்தவளும் அவள்தான். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

அனூர்ப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். புருஷனுக்கு ரயில்வேயில் வேலை என்று மைசூருக்கு வந்தவள், அவர் காலமான பிறகும் அங்கே நஜர்பாத் பகுதியிலேயே தங்கிவிட்டாள். ஒரே முற்றத்தைச் சுற்றி மூன்று குடித்தனம்: அவள், நான், கௌரம்மா. கௌரம்மாவின் கணவன் காப்பித் தோட்டத்துக்குப் போனவன் திரும்பவில்லை. அப்பளம் இட்டுப் பிழைத்தாள். அந்த ஒற்றை அறையை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

முற்றத்தில் வெயிலும் நிழலும் மாறி மாறி விழும் இடத்தில் மாதம்மாவின் கனகாம்பரம் நின்றது. தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த செடி, முழங்காலுக்குச் சற்று மேல் உயரம். முழு வெயிலும் ஆகாது, தண்ணீர் தேங்கினாலும் ஆகாது என்று, செம்மண்ணில் மணலும் மக்கிய சாணமும் கலந்து மேடாகப் பாத்தி கட்டியிருந்தாள். கொட்டாங்கச்சியால் வேரில் மட்டும் ஊற்றுவாள். பூத்து முடிந்த கதிரைக் கிள்ளினால்தான் புதுக்கதிர் வரும் என்று எனக்குக் காட்டியவளும் அவள்தான்.

வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பூவைத் தொடுத்துச் சாமுண்டி மலைக்குக் கொண்டுபோவது அவள் வேண்டுதல். கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடுதான் பறிப்பாள். உலர்ந்த துணியோடு பறித்தால் அம்மனுக்கு ஆகாது என்பாள்.

ஒரு வருஷம் மாசியில் செடி வாடத் தொடங்கியது. வேரில் முடிச்சு முடிச்சாக ஏதோ விழுந்திருந்தது. கிளையை ஒடித்து நட்டுப் பார்த்தாள், அழுகிப்போயிற்று. இனி விதை எடுத்தால்தான் உண்டு. ஊரில் அது தானாக முளைத்துக் கிடக்குமாம். விதை எடுக்கும் வேலையே இருந்ததில்லையாம். சில கதிர்களைக் கிள்ளாமல் காயவிட்டாள். பழுத்துக் காய்ந்ததும் எடுக்கப் போனால் வெறும் பொக்கு. அடுத்த கதிரும் அப்படியே.

வாரம் முழுக்கக் காவல் உட்கார்ந்தாள். அப்போது ஒன்றும் போகவில்லை. வெள்ளிக்கிழமை மலைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் கதிர் காலி. அன்று நானும் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். வீட்டில் இருந்தவள் கௌரம்மா. போதாததற்கு, கௌரம்மாவின் தண்ணீர்த் தொட்டியடி ஈரமண்ணில் கனகாம்பரக் கன்றுகள் தலைகாட்டின. அவை தானாக வந்தவை என்று அவள் சொன்னதை மாதம்மா காதில் வாங்கவில்லை. வீட்டுக்கார அம்மா அன்னபூர்ணியிடம் போய்ச் சொல்லிவிட்டாள். திருட்டு உண்மையானால் கௌரம்மா காலி செய்ய வேண்டியதுதான் என்று அந்த அம்மாள் சொல்லியனுப்பினாள். அவள் போனால் நானும் போவேன் என்று நானும் பிடிவாதமாக நின்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை அன்னபூர்ணி வந்தாள். மிஞ்சியிருந்தது ஒரே கதிர். மாதம்மா கிணற்றடியிலிருந்து சொட்டச் சொட்ட வந்து அதைச் செடியில் இருந்தபடியே கையில் ஏந்திக் காட்டினாள்.

"பாருங்கம்மா, இப்ப நிறைஞ்சு இருக்குது. நான் மலைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள இதும் காலியாயிரும். இங்க ஆரு இருக்கறா? இவதான்."

"நான் தலையில பூ வச்சாலே ஊர் ஒரு மாதிரி பாக்குது," என்றாள் கௌரம்மா. "விதையத் திருடி என்னக்கா பண்ணப்போறேன்?"

"மொளைக்க வச்சிருக்கறயே, தொட்டியடியில."

மாதம்மாவின் கையிலிருந்து தண்ணீர் கதிரின்மேல் வடிந்துகொண்டே இருந்தது. அவள் பேச்சை நிறுத்தவில்லை. கடுகு வெடிப்பதுபோல் 'பட்' என்று ஒரு சத்தம். அன்னபூர்ணி கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு காய் வெடித்தது. விதை தெறித்துக் கௌரம்மாவின் தொட்டியடியில் போய் விழுந்தது.

அன்னபூர்ணி கன்னத்தைத் தடவிக்கொண்டு, "மாதம்மா, உன் திருடி என்னையே அடிச்சுட்டாளே," என்றாள்.

மாதம்மா நம்பவில்லை. புடவைத் தலைப்பை அடிக்காயின்மேல் பிழிந்து, கண்ணைக் கொட்டாமல் பார்த்தாள். அதுவும் வெடித்தது.

"இன்னைக்கு வெடிச்சுது, சரி. போன வாரமும் இப்படித்தான்னு ஆரு கண்டது?"

"வெள்ளிக்கிழமைதோறும் ஈரத்தோடதானே பறிக்கிறே? நான் கண்டது போதும்," என்று அன்னபூர்ணி போய்விட்டாள். கௌரம்மாவைக் காலி செய்யச் சொல்லும் பேச்சு அதோடு நின்றது.

மாலையில் மாதம்மா கௌரம்மாவின் வாசலில் போய் நின்றாள். கௌரம்மா ஒரு கன்றைத் தாய்மண்ணோடு பெயர்த்து இலையில் வைத்து நீட்டினாள். மாதம்மா மண்ணை விலக்கி, வேரில் முடிச்சு இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகுதான் வாங்கிக்கொண்டாள்.

பழைய பாத்தி மண் ஆகாது என்று, கன்றைக் கௌரம்மாவின் வாசலோரமே நட்டாள். அதன்பிறகு விதைக்கதிருக்கு மெல்லிய துணி கட்டி, குளிக்குமுன், உலர்ந்த கையால்தான் எடுத்தாள். வெள்ளிக்கிழமை அவள் மலைக்குப் போகும்போது செடிக்குக் காவல் கௌரம்மா. திரும்பி வந்ததும் மாதம்மா முதலில் பார்ப்பது அந்தத் துணியின் முடிச்சை.