துடைக்காத ரம்பம்

கிடங்கு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவருக்குத் தெருவில் விஞ்ஞானி என்று பெயர். அது கிண்டலுக்கு வைத்த பெயர் என்பது அவருக்கு மட்டும் தெரியாது. மனைவிக்குத் தெரியும், அவளும் மனதுக்குள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையைக் காட்டுக் கொய்யா வளைத்துப் போட்டிருந்தது. யாரும் நடவில்லை. பறவைகள் எச்சமிட்ட இடமெல்லாம் முளைத்து, வேறு செடி எதையும் தலையெடுக்க விடாமல் அடர்ந்து கிடந்தது. அதில் ஒன்றிரண்டு நுனியிலிருந்து காயத் தொடங்கியதும் விஞ்ஞானிக்குக் கை பரபரத்தது. மனையை ஒட்டியிருந்த தையற்காரர் வீட்டுச் சோப்புத் தண்ணீர்தான் காரணம் என்றார். மறுவாரம் செல்போன் கோபுரம் என்றார். வேரில் நீர் தேங்குவது, தண்டைப் புழு துளைப்பது என்று உருப்படியான காரணங்களும் சொன்னார். எதிலாவது நிலைத்து நின்றால்தானே. தினமும் ரம்பத்தோடு போய்க் காய்ந்த கிளையை அறுத்துப் பார்ப்பார். ஒப்பிட்டுப் பார்க்க, அதே கையோடு பச்சை மரத்திலும் ஒன்றை அறுப்பார். ரம்பத்தைத் துடைக்கும் வழக்கம் இல்லை. சாப்பிட்ட தட்டையே எடுத்து வைக்காத மனிதர்.

அவர் தொட்ட மரங்களெல்லாம் அறுத்த இடத்திலிருந்தே கருகின. வாய்க்காலுக்கு அப்பால், அவர் போகாத பக்கத்து மரங்கள் காய்த்துக் குலுங்கின. சமையலறை ஜன்னலில் நின்றவளுக்கு இது சீக்கிரமே புரிந்துவிட்டது. ஆனாலும் சொல்லவில்லை. களைதானே, ஒழியட்டும் என்று இருந்தாள். சொன்னால் அதற்கும் ஒரு மணி நேரம் விளக்கம் கேட்க வேண்டும்.

வீட்டு மதிலுக்குள் அவள் வளர்த்த ஒட்டுக் கொய்யா ஒன்று இருந்தது. அந்த வீட்டில் அவர் கருத்துச் சொல்லாத பொருள் அது ஒன்றுதான்.

ஒருநாள் அவள் கடைக்குப் போய்த் திரும்பியபோது அவர் அந்த மரத்தடியில் ஏணி மேல் நின்றார். கீழே பச்சைக் கிளைகள் கிடந்தன.

"நோய் வர்றதுக்கு முன்னாடியே கவாத்து பண்ணிட்டேன். இனிமே கவலையில்ல."

"நோயே உங்க ரம்பத்துலதான் இருக்கு. மரத்துக்கு மரம் நீங்கதான் கொண்டு போயிட்டிருந்தீங்க."

"தெரிஞ்சா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

வாழ்க்கையில் அவர் கேட்ட ஒரே நல்ல கேள்வி அது. முதல்முறையாகத் தன் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் மரம் முழுக்கக் காய்ந்தது. விஞ்ஞானி தெருக்காரர்களை அழைத்து வந்து அதனடியில் நிறுத்தினார். துடைக்காத ரம்பத்தால் நோய் பரவும் என்பதைத் தாமே கண்டுபிடித்ததாகச் சொல்லி, அறுபட்ட இடங்களைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். யாருடைய ரம்பம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி அவள் கையைப் பிடித்து, இப்படி ஒரு மனுஷர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றாள்.