பால் கொடுக்காதவள்

பால், நெய், கறி எதையும் தொடாததற்கு இப்போது வீகன் என்று பெயர். கடை வாசலில் பலகை எழுதி வைத்து விற்கிறார்கள். என் பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்தே நான் அப்படித்தான் வளர்த்தேன். அப்போது எனக்குக் கிடைத்த பெயர் ராட்சசி. பெற்ற பிள்ளையின் வயிற்றில் அடிக்கிறவள் என்றும் சொன்னார்கள். நான் பெருமை பேச உட்காரவில்லை, கோபத்தில்தான் எழுதுகிறேன். இத்தனை வருஷமாகியும் அது அடங்கவில்லை, ஏன் அடங்க வேண்டும் என்றும் எனக்குத் தெரியவில்லை.

நான் பிறந்த வீடு புத்தூருக்குப் பக்கம். வேர்க்கடலை, கேழ்வரகு, கொஞ்சம் கரும்பு போட்டோம். மாடுகள் இருந்தன, காபி ஓட்டலுக்குப் பால் ஊற்றினோம். கிடேரிக் கன்று பிறந்தால் அதற்குக் கொஞ்சம் பால் விடுவார்கள். காளைக் கன்றுக்கு அதுவும் கிடையாது, நாலு வாரத்தில் வற்றிச் செத்துப்போகும். கன்று இல்லாமல் மாடு பால் விடாது. அதனால் செத்ததின் தோலை உரித்து, உள்ளே வைக்கோலைத் திணித்துத் தைத்து, தாயின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அதை நக்கிக்கொண்டே அந்த மாடு பாலை விடும். காலையிலும் சாயங்காலமும் அந்தத் தோல்கன்றைத் தூக்கிக்கொண்டு போய் நிறுத்துவது என் வேலை. நக்கி நக்கிக் கழுத்துப் பக்கம் ரோமமே போய்விட்டிருந்தது. ஒருநாள் அதன் வயிற்றுத் தையல் விட்டு வைக்கோல் வெளியே வந்தது. மாடு அந்த வைக்கோலைத் தின்றது. என் தகப்பனார் சிரித்தார்.

அன்றோடு பாலை விட்டேன். தயிர், மோர், நெய் எல்லாம் போயிற்று. பிறகு கறி, மீன், முட்டையும் போயின. இரக்கம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பிராணியைப் பட்டினி போட்டுக் கொன்று, அதன் தோலையே காட்டி அதன் தாயை ஏமாற்றுகிற அந்தத் திருட்டுத்தனம் எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

பெண் பார்க்க வந்தவரிடம் இதைச் சொன்னேன். எனக்குப் பிறக்கிற பிள்ளைகளுக்கும் மாட்டுப்பால் கிடையாது என்றேன். அவர் தலையாட்டினார். அவர் எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர் என்பது கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தது. சித்தூரில் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா.

அங்கேதான் மகள் பிறந்தாள். அவளுக்கு என் பாலைக் கொடுத்தேன். பல் முளைத்ததும் கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைத்துக் கஞ்சி காய்ச்சினேன். ஊறவைத்த வேர்க்கடலையை அம்மியில் அரைத்துப் பிழிந்து வெல்லம் போட்டுக் கொடுத்தேன். எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, பயறு, பழம் என்று வேளைக்கு ஒன்று செய்தேன். ஒரு பசுவை ஓட்டிவந்து கட்டியிருந்தால் எனக்கு இதில் பாதி வேலைகூட இருந்திருக்காது. பிள்ளை கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள். அப்போது யாரும் வந்து, நன்றாக வளர்த்திருக்கிறாய் என்று சொல்லவில்லை. நோவு வந்த பிறகுதான் எல்லோருக்கும் வாய் முளைத்தது.

ஆந்திரா தனி ராஜ்யமானது. ஆபீஸில் காகிதமெல்லாம் தெலுங்குக்கு மாறியது. இவரைத் திருப்பதிக்கு மாற்றினார்கள். அங்கே எங்களோடு வந்து சேர்ந்தாள் என் நாத்தனார். இவருக்கு மூத்தவள், பிள்ளை இல்லாதவள், புருஷனை இழந்தவள், திருத்தணிக்கு அந்தப் பக்கம் நிலமும் வீடும் உள்ளவள். என் மகள்மேல் உயிரையே வைத்திருந்தாள். அதை நான் மறுக்கவில்லை. உயிரை வைத்தவர்கள் செய்கிற அநியாயத்துக்குத்தான் கேள்விமுறை கிடையாது.

வந்த வாரமே மலைக்குப் போய் லட்டு கொண்டுவந்தாள். மகள் முகர்ந்து பார்த்துவிட்டு, “நெய் வாசன வருது, வேணாம் அத்தை” என்றாள். அவ்வளவுதான், தெருவே கூடிவிட்டது. மலைமேல் கைங்கரியம் செய்கிற வீடுகள் உள்ள தெரு அது. பக்தர்கள் எங்கெங்கிருந்தோ நடந்து வந்து வாங்கிப்போகிற பிரசாதத்தை ஒரு பொடிப்பெண் வேண்டாம் என்கிறாளே என்று வாயில் கைவைத்தார்கள். நான் நாத்தனாரிடம் தெளிவாகச் சொன்னேன்.

“அக்கா, உங்களுக்கு இன்னா வேணுமோ துன்னுங்க. எம் புள்ளைக்குப் பால், தயிர், நெய் எதுவும் குடுக்காதீங்க.”

“நான் இன்னாத்துக்குக் குடுக்கப்போறேன்? நீயாச்சு, உம் புள்ளையாச்சு” என்றாள்.

அதற்கப்புறம்தான் மகளுக்கு வயிறு கெட ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை நன்றாகத்தான் எழுந்திருப்பாள். மத்தியானத்துக்குள் வெள்ளை வெள்ளையாக வாந்தி. ராத்திரி வயிறு உப்பி, பேதி ஆகும். செவ்வாய், புதன் ஆனால் தேறி ஓடுவாள். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் படுத்துவிடுவாள். மாதம் போகப் போகக் கை கால் குச்சியானது. வெள்ளிக்கிழமைதோறும் அவளைக் குளிப்பாட்டி, தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலுக்கு அழைத்துப்போவது நாத்தனார்தான். நான் இவரிடம் சொன்னேன். கோயிலுக்குப் போய் வந்தால்தான் இப்படி ஆகிறது, அங்கே இவள் பால் ஏதோ கொடுக்கிறாள் என்றேன். “கோயில்ல இன்னா குடுக்கப்போறாங்க, வாழைப்பழம் குடுப்பாங்க” என்றார். அடுத்த வாரம் மறுபடியும் சொன்னேன். மகளைக் கேட்டால், “ஒண்ணும் துன்னலம்மா” என்பாள். என் பிள்ளை பொய் சொல்லமாட்டாள்.

டாக்டரிடம் காட்டினோம், மகளின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். எனக்குத் தமிழ், அவருக்குத் தெலுங்கு. பிள்ளைக்குப் பால் கொடுப்பதில்லை என்று நாத்தனார் முந்திக்கொண்டு தெலுங்கில் சொன்னதும் அவர் என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. இது பட்டினி, காலையும் மாலையும் பால் கொடு என்று இவரைப் பார்த்துச் சொன்னார். வெள்ளிக்கிழமைக் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டில் பஞ்சாயத்து வைத்தார்கள். இவருடைய பெரியப்பா நகரியிலிருந்து வந்தார். ஆந்திரா, தமிழ்நாடு எல்லைப் பிரச்சினைக் கூட்டங்களில் மேடையேறுகிறவர். தாலுகாவைப் பிரிக்காதே என்று தொண்டை கிழியக் கத்துகிறவர். தாயையும் பிள்ளையையும் பிரிக்க அவருக்கு ஒரு வெற்றிலை போடுகிற நேரம்தான் ஆயிற்று. பிள்ளையை நாத்தனார் திருத்தணிப் பக்கம் கூட்டிப்போய்ப் பால் கொடுத்து வளர்க்கட்டும், உயிராவது மிஞ்சும் என்றார். இவர் தலையாட்டினார்.

“எம் புள்ளை பாலில்லாம நோவுல விழல. யாரோ பால் குடுத்துத்தான் விழுது. குடுக்கலன்னு அக்கா காணிப்பாக்கத்துல சத்தியம் பண்ணட்டும். பண்ணிட்டாங்கன்னா கூட்டிக்கினு போவட்டும்” என்றேன்.

வயல் வரப்புச் சண்டை, சொத்துச் சண்டை, கள்ளத்தொடர்பு என்று எதுவானாலும் எங்கள் ஜில்லாவில் கடைசி வார்த்தை காணிப்பாக்கம்தான். குளத்தில் முங்கி, ஈரத்துணியோடு பிள்ளையார் முன்னால் நின்று சொல்ல வேண்டும். பொய் சொன்னவன் விளங்கமாட்டான். அந்தப் பயத்தில் குளக்கரையிலேயே உண்மையைக் கக்கிவிட்டுத் திரும்பியவர்கள் நிறையப் பேர். நாத்தனாரும் கக்கிவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ, “வரேன், நாளைக்கேகூட வரேன்” என்றாள்.

போனோம். குளத்தில் முங்கினாள். மயிரிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றாள். அபிஷேகத்துக்கென்று ஒரு சொம்பு பாலும் வாங்கி வந்திருந்தாள். “சாமி, எந் தம்பி பொண்ணுக்கு நான் பால் குடுக்கல. தயிர் குடுக்கல, நெய் குடுக்கல” என்றாள். குரல் நடுங்கவில்லை. முகத்தில் ஒரு கலக்கம் இல்லை. பொய் சொல்கிற முகம் எனக்குத் தெரியும். அவள் பொய் சொல்லவில்லை.

பெரியப்பா என்னைப் பார்த்து, “கேட்டுக்கினியாம்மா?” என்றார். ஒரு தூணைப் பிடித்துக்கொண்டேன். என் பிள்ளையை நானே சத்தியத்தில் வைத்துத் தோற்றுவிட்டேன் என்று தெரிந்தது. தூணைப் பிடித்தபடியே மகளைத் தேடினேன். அபிஷேகம் முடிந்து சொம்பு திரும்பி வந்திருந்தது. நாத்தனார் அதை மகளிடம் நீட்டினாள். மகள் அண்ணாந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல், மடமடவென்று குடித்தாள். பழகிய பிள்ளை குடிக்கிற மாதிரி குடித்தாள். வாயோரம் வெள்ளை.

ஓடிப்போய்ச் சொம்பைப் பிடுங்கினேன். “இன்னாடி இது?”

“தீர்த்தம்மா. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம அத்தை குடுக்கும்ல, அதான்.”

கோயில் என்றும் பார்க்காமல் கத்தினேன். “இப்பத்தான பால் குடுக்கலன்னு சத்தியம் பண்ணீங்க!”

நாத்தனார் நிஜமாகவே திகைத்துப்போனாள். “பாலா? சாமி தலையிலேர்ந்து எறங்கினது பாலா? அது தீர்த்தம்டி. கொளந்த நோவு தீரட்டும்னு வாரா வாரம் ஒரு சொம்பு ஊத்தி வாங்கிக் குடுத்தேன். சாமி பிரசாதத்தப் போய்ப் பாலுன்றியே, நீ மனுஷியா?”

“இக்கட வத்தம்மா, பயட மாட்லாடண்டி” என்று யாரோ எங்களை வெளியே போய்ப் பேசச் சொன்னார்கள். வெளியே வந்ததும் பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். தீர்த்தம் பாலில் சேராது. ஆகையால் சத்தியம் சுத்தம். நாத்தனார் பிள்ளையைக் கூட்டிப் போகலாம். மாடு கொடுத்தது, பாத்திரத்தில் வந்தது, கல்லின் மேல் விழுந்து திரும்பவும் பாத்திரத்துக்குள் போனது. நடுவில் அதற்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். இவர் தம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஜட்கா வண்டியில் திரும்பினோம். அங்கிருந்து திருத்தணிப் பக்கம் ஒரு பஸ், திருப்பதிக்கு ஒரு பஸ். மகள் இவர் மடியில், பக்கத்தில் பெரியப்பா, எதிரே நானும் நாத்தனாரும். என் பிள்ளை என்னோடு இருப்பது இந்த வண்டி ஓடுகிற வரைக்கும்தான் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில் அந்த முகம் வெளுத்தது. “நைனா” என்று அப்பாவைக் கூப்பிட்டாள். அடுத்த நிமிஷம் வாந்தி எடுத்தாள். திரிந்த பால் கட்டி கட்டியாக இவருடைய வெள்ளைச் சட்டையில் வழிந்து பெரியப்பாவின் வேட்டியில் இறங்கியது. ஆபீஸே கதியென்று கிடந்த மனுஷர், ஒரு வெள்ளிக்கிழமையும் இதைப் பார்த்ததில்லை. பெரியப்பா “சீ சீ” என்று வேட்டியை உதறினார்.

“இன்னாத்துக்கு உதர்றீங்க? பால் இல்லியே, தீர்த்தம்தான? தொட்டுக் கண்ணுல ஒத்திக்குங்க!” என்றேன்.

பெரியப்பா அதற்கப்புறம் என்னோடு சாகும்வரை பேசவில்லை. எனக்கு அது நஷ்டமில்லை.

பஸ் ஸ்டாண்டில் நாத்தனார் கையை நீட்டினாள். இவர் மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, “புள்ள வரல” என்றார். அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுத் திருப்பதி பஸ்ஸில் ஏறினார். நானும் ஏறினேன். அழுதேன், சந்தோஷத்தில்தான். ஆனால் சந்திரகிரி தாண்டும்போது இவர் என் பக்கம் திரும்பி, “இத நீ முன்னாடியே தெளிவா சொல்லியிருக்கலாம்ல?” என்றார்.

சொல்லியிருக்கலாமாம்! வாரா வாரம் சொன்னேன். தமிழில் சொன்னேன், அழுது சொன்னேன், சண்டை போட்டுச் சொன்னேன். என் வார்த்தைக்கு இல்லாத மதிப்பு ஒரு சட்டையில் விழுந்த வாந்திக்கு இருந்தது. அன்று பஸ்ஸில் நான் பேசியிருந்தால் அவரை வழியிலேயே இறக்கிவிட்டிருப்பேன்.

அதோடு வெள்ளிக்கிழமை வாந்தி நின்றது. அடுத்து ஒரு பையனும் ஒரு பெண்ணும் பிறந்தார்கள். அவர்களுக்கும் கேழ்வரகுக் கஞ்சியும் கடலைப் பாலும்தான். பிறகு எல்லைக்கோடு போட்டார்கள். திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, நாங்கள் ஆந்திராப் பக்கம் நின்றோம். நாத்தனார் வருஷத்துக்கு ஒருமுறை வந்து போனாள், தீர்த்தச் சொம்பு இல்லாமல்.

மூத்தவள் நன்றாக வளர்ந்தாள். அவளுக்கே இரண்டு பிள்ளைகள் ஆன பிறகு நாத்தனார் படுத்த படுக்கையானாள். பார்க்கப் போனோம். என் மகளின் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்து, கூடியிருந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னாள்: “பாலே குடுக்காம வளத்தா இவங்கம்மா. புள்ளை இப்பிடிக் கல்லாட்டம் நிக்குதுன்னா, அன்னிக்கு நான் குடுத்த தீர்த்தம்தான்.”

எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். இவரும் ஆட்டினார். மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு இன்றுவரை சிரிப்பு வரவில்லை.