காற்றுக்கு வந்த ஆயுத பூசை

தச்சநல்லூரில் சிவசண்முகம் அண்ணாச்சி வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனால்கூட, அவருடைய மீன் தொட்டியின் பெருமையைக் கேட்காமல் எழுந்திருக்க முடியாது. கூழாங்கல்லுக்கு அடியில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதிலிருந்து மேலே நிற்கும் ஒரு குழாய். வெளியே இருக்கும் சின்ன மோட்டார் அந்தக் குழாய்க்குள் டியூப் வழியாகக் காற்றை ஊதும். குமிழியோடு தண்ணீர் மேலே ஏற, அழுக்கெல்லாம் கல்லுக்குள் இறங்கிவிடும். அவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல அந்த மனுஷனுக்கு ஒரு மணி நேரம் வேண்டும். ஆபீசில் வாய் திறக்காமல் மிச்சம் பிடித்த பேச்சையெல்லாம், பக்கத்து வீட்டில் குடியிருந்த பாவத்துக்கு, என் தலையில் கொட்டுவார்.

பொறுக்க முடியாமல், நான் மதுரைக்குப் போய் என் வீட்டுச் சின்ன மீன் தொட்டிக்குப் புது மாதிரி ஃபில்டர் வாங்கி வந்தேன். மோட்டாரே தண்ணீருக்குள் முங்கிக் கிடந்து அழுக்கை இழுக்கும்.

"அது கெட்டா தூரப் போட வேண்டியதுதான்வே. எனக்குக் காத்து போதும். காத்து எங்கன இருந்து வந்தா என்ன?" என்றார் அண்ணாச்சி.

அவர் மனைவி ராஜராஜேஸ்வரி மதினிக்கு இரண்டு ஃபில்டரும் ஒன்றுதான். முந்தின மாதம் ஒரு மீன் செத்து மிதந்ததிலிருந்து, "இனி ஒண்ணு செத்தாலும் தொட்டியில அரிசிதான் கொட்டி வைப்பேன்" என்று சொல்லியிருந்தார். மதினி சொன்னால் செய்வார்.

தொண்ணூற்று நாலாம் வருஷ ஆயுத பூசை வந்தது. எங்கள் வீட்டில் என் ஃபில்டரைக் கழுவிச் சாமி முன்னால் வைத்துவிட்டார்கள். நான் மீன்களைக் குடத்தில் அள்ளிக்கொண்டு ஓடிப்போய், அண்ணாச்சியின் பெரிய தொட்டியில் கொட்டிவிட்டுத் திரும்பினால், அங்கேயும் அதே கதை. அரிவாள்மனை, தையல் மிஷின், சுத்தியல், சைக்கிள், அதற்குக் காற்றடிக்கும் பம்பு, எல்லாம் சாமி முன்னால் வரிசையாக இருந்தன. காற்று மோட்டாரும் சந்தனப் பொட்டோடு அந்த வரிசையில் இருந்தது.

கூட்டம் இரட்டிப்பானதில் மத்தியானத்துக்குள் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன.

"மோட்டார எடுத்துருதேன்," என்றார் அண்ணாச்சி.

"பூசைக்கு வச்சதத் தொடப்படாது. எங்க அண்ணன் திருச்செந்தூர்ல இருந்து வந்து தீபாராதனை காட்டட்டும்," என்றார் மதினி.

அண்ணனைக் காணோம். ஒரு மீன் சாய ஆரம்பித்தது. அண்ணாச்சி முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கே பாவமாகப் போயிற்று. பூசை நாளும் அதுவுமாக வீட்டில் ஓர் உயிர் போவதை மதினியாலும் பார்க்க முடியவில்லை.

"காத்து எங்கன இருந்து வந்தா என்னன்னு சொன்னியள்லா? ஊதுங்க!" என்றார்.

அண்ணாச்சி டியூபை வாயில் வைத்து ஊதினார். குமிழி கிளம்பியது, தண்ணீரும் ஏறியது. கன்னம் இரண்டும் பணியாரம் மாதிரி உப்பின. அவருக்கு மூச்சு முட்டியதும் நான் ஊதினேன். எனக்கு முட்டியதும் மதினியே முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஊதினார். மறுபடி என் முறை வந்தபோது அண்ணாச்சி பைய என் காதருகே குனிந்தார்.

"உம்ம ஃபில்டர இப்படி ஊத முடியுமாவே?"

வாயிலிருந்து டியூபை எடுத்தால் மீன் போய்விடும். வயிற்றெரிச்சலையும் சேர்த்து ஊதினேன்.

சாயங்காலம் ஒருவழியாக மதினியின் அண்ணன் வந்து சேர்ந்தார். சாய்ந்த மீன் நிமிர்ந்து நீந்திக்கொண்டிருந்தது. தீபாராதனை முடிந்ததும் மதினி, மறுநாள்வரை காத்திருக்காமல், காற்று மோட்டாரைத் தன் கையாலேயே எடுத்து மாட்டினார். அரிசிப் பேச்சை அப்புறம் அவர் எடுக்கவே இல்லை.

அண்ணாச்சி உடனே, "பாத்தியளா, இந்தப் பழைய மாடல்ல என்ன விசேஷம்னா..." என்று தொடங்கினார். மதினி சந்தனக் கிண்ணத்தோடு வந்து, அவருடைய இரண்டு கன்னத்திலும் பொட்டு வைத்தார்.

"இதுவும் இன்னைக்கு வேலை பாத்த ஆயுதந்தான். நாளைக்குக் காலை வரைக்கும் திறக்கப்படாது."