சாரல் மாத ரிஜிஸ்தர்

பதினோரு பிள்ளைகளை நான்காம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புக்கு இறக்குவது என்று முடிவாகி, பெற்றோருக்கும் சொல்லியாகிவிட்டது. அரைப்பரீட்சைக் கணக்கில் அத்தனை பேரும் பெயில். யுத்தத்துக்கு முந்திய வருஷங்களில், இலஞ்சிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் இருந்த சிறு பள்ளி அது. நான்தான் நான்காம் வகுப்பு வாத்தியார். கீழே இறக்கினால் பாதிப் பேர் பள்ளியை விட்டே நின்றுவிடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

சனிக்கிழமைதோறும் ஹெட்மாஸ்டரும் மூன்றாம் வகுப்பு டீச்சரும் நானும் கூடிப் பேசுவது வழக்கம். அந்த வாரமும் கூடினோம். ஹெட்மாஸ்டர் மார்க் ரிஜிஸ்தரையும் ஆஜர் ரிஜிஸ்தரையும் பக்கம் பக்கமாக விரித்து வைத்தார். "பிள்ளைய எல்லாம் ஒரு நாள் தவறாம வந்திருக்கு. மண்டையில ஏற மாட்டேங்கு. நாம என்னவே செய்ய?" என்றார். நானும் தலையாட்டினேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். எனக்குப் பிள்ளைகள் கோணல்.

டீச்சர் மட்டும் விடைத்தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் சரி. வகுத்தலில் பதினோரு பேரும் வெறும் தாள்.

"மந்தம்னா எல்லாத்துலயும்லா மந்தமா இருக்கணும்? வகுத்தல் எப்ப நடத்துனீய?" என்று கேட்டார்.

ஆடி மாதம் என்றேன். சொல்லும்போதே எனக்கு விஷயம் உறைத்துவிட்டது.

ஆடியில் சாரல். அருவிக்கு வரும் கூட்டத்திடம் பழம் விற்கவும், எண்ணெய் தேய்த்துவிடும் ஆட்களுக்கு எடுபிடி வேலை செய்யவும் இந்தப் பிள்ளைகள் தாய் தகப்பனோடு போய்விடுவார்கள். எண்ணிக்கை குறைந்தால் இன்ஸ்பெக்டர் ஒரு வாத்தியார் இடத்தை வெட்டிவிடுவார். கடைசியாகச் சேர்ந்தவன் நான். ஆகவே வராத பிள்ளைக்கும் ஆஜர் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். பிறகு அதை நானே மறந்துவிட்டு, ரிஜிஸ்தரை நம்பி உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. இருவரிடமும் ஒப்புக்கொண்டேன்.

ஹெட்மாஸ்டர் திட்டவில்லை. எனக்கு அந்த வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். டீச்சர், தம் ரிஜிஸ்தரும் அதே லட்சணம்தான் என்றார். கடைசியில் ஹெட்மாஸ்டர் ஆஜர் ரிஜிஸ்தரை மூடினார். "இது இன்ஸ்பெக்டருக்கு இருக்கட்டும். நமக்கு ஒண்ணு எழுதுவோம்" என்றார்.

சாதாரண நோட்டு ஒன்றில், எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடம் விட்டுப்போயிற்று என்று எழுதினோம். மத்தியானம் என் வகுப்பை ஹெட்மாஸ்டர் பார்த்துக்கொள்வது, நான் பதினொருவருக்கும் வகுத்தலை முதலிலிருந்து நடத்துவது என்று ஏற்பாடு. இறக்குவதில்லை என்று சொல்ல மறுநாள் வீடு வீடாகப் போனேன்.

பத்து வீட்டில் சரி என்றார்கள். பதினோராவது இசக்கியின் வீடு. பெருக்கலில் வகுப்பிலேயே முதல் அவள்தான். அவள் தாய் பலாச்சுளை விற்பவள். நான் நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"நான் அருவிக்குக் கூட்டிட்டுப் போன நாளெல்லாம் அவ ஒங்க வகுப்புல இருந்தான்னு எழுதியிருக்கீய. அவ இல்லாமலே நடந்த பள்ளிக்கூடம்தானே வாத்தியாரய்யா. இனியும் நடக்கட்டும்."

இசக்கி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகும் இரண்டு முறை போய்த் தாயிடம் கேட்டேன், இசக்கி பள்ளிக்கு வரவில்லை.

மற்றப் பத்துப் பேரும் ஒரு மாதத்தில் வகுத்தல் கற்றார்கள், முழுப் பரீட்சையில் தேறினார்கள். புதிதாக வேலைக்கு வரும் வாத்தியார்களுக்கு நான் சொல்வது இதுதான். வராத பிள்ளையை வந்ததாக எழுதிவிட்டால், அந்தப் பிள்ளையைத் தேடிப் போக உங்களுக்குத் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. தோன்றியபோது ஐந்து மாதம் ஆகியிருந்தது.