மது வீட்டுக்கு அடியில் குளம்

செல்வராணியிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் கேலி பேசலாம், பூகோளத்தைப் பற்றி மட்டும் பேசக்கூடாது. பேசினால் போச்சு. "கணக்குக்கு ட்யூஷன் வைக்கிறாங்க, சயின்ஸுக்கு லேப் கட்டுறாங்க, பூகோளம்னா மட்டும் சாப்பாட்டுக்கு அப்புறம் தூங்குற பீரியடு!" என்று ஆசிரியர் அறையில் அவள் சண்டை பிடிக்காத வருஷமே கிடையாது. கல்கத்தா பாலிகஞ்சில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்கு அவள்தான் பூகோள டீச்சர். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் மான்சித்ர மிஸ். வங்காளத்தில் மான்சித்ர என்றால் தேசப்படம். அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் கோபிப்பதுபோல் நடிப்பாளே தவிர, உள்ளுக்குள் அவளுக்கு ஒரே பெருமை.

அப்பா வீரபாண்டியன் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து லேக் மார்க்கெட் ஓரத்தில் இட்லிக்கடை போட்டவர். புருஷன் ஆனந்துக்கும் அங்கேயே கடைதான். காப்பித்தூள், அப்பளம், நல்லெண்ணெய், புளி. செல்வராணி பிறந்தது, படித்தது, வாக்கப்பட்டது எல்லாம் இந்தக் கல்கத்தாவுக்குள்ளேயே. வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளம். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், "ஒரு ஊரைக்கூடத் தாண்டாதவ உலகம் பூரா சொல்லிக் குடுக்கிறாளாக்கும்" என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டுமே.

அவளிடம் ஒரு வித்தை இருந்தது. காலேஜ் ஸ்ட்ரீட் நடைபாதையில் எப்போதோ வாங்கிய பழைய சர்வே படத்தின் நகல் ஒன்று. நகரம் ரயில் பாதையைத் தாண்டிக் கிழக்கே வழிவதற்கு முந்தைய காலத்துப் படம். அதைப் பட்டர் பேப்பரில் வரைந்து, குளத்துக்கு நீலம், வயலுக்குப் பச்சை, செங்கல் சூளைக்குச் சிவப்பு என்று கலர் பென்சிலால் தீட்டி வைத்திருந்தாள். வருஷா வருஷம் ஏழாம் வகுப்புக்கு அளவுத்திட்டம் நடத்தும்போது, இன்றைய படத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன்மேல் இந்தப் பட்டர் பேப்பரை வைப்பாள். ஒவ்வொருத்தியாக வந்து தன் வீட்டின்மேல் விரல் வைக்க வேண்டும். ஒருத்தி வீடு வாழைத்தோப்பு, ஒருத்தி வீடு மூங்கில் காடு. அந்த ஒரு பீரியடில் மட்டும் ஒரு பிள்ளைகூடக் கொட்டாவி விடாது.

இந்த வருஷம் ஜூன் மாதத்தில் மது எழுந்து வந்தாள். வகுப்பில் இருந்த ஒரே தமிழ்ப் பெண். தமிழைவிட வங்காளம்தான் அவளுக்கு நன்றாக வரும். அப்பா வெங்கடராமன் பேங்க் ஆபீசர், ஆனந்தின் கடைக்கு நெடுநாள் வாடிக்கை. அவர்கள் ரயில் பாதைக்குக் கிழக்கே கஸ்பா பக்கம் புதுக் கட்டடத்தில் ஃப்ளாட் வாங்கிக் குடிபோயிருந்தார்கள். மது விரலை வைத்தாள். விரலைச் சுற்றி நீலம்.

"மிஸ், எங்க வீடு புக்குர்ல இருக்கு!" என்றாள். புக்குர் என்றால் குளம்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. கட்டிலுக்கு அடியில் ரூயி மீன், பீரோவுக்குள் காத்லா மீன் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். இவளாவது சும்மா இருந்தாளா? "நல்லதாப் போச்சு, பால்கனியிலேர்ந்து தூண்டில் போடலாம்" என்று தன் பங்குக்கு ஒன்றைச் சொல்லிவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிட்டாள். படத்தைப் பார்த்தவளுக்கு அதன்மேல் குடியிருப்பவர்கள் ஞாபகத்துக்கு வரவில்லை. பூகோள டீச்சர்களுக்கே உள்ள கோளாறு அது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதுதான், தூர்த்த குளத்தின்மேல் ஐந்து மாடி எழுப்பியிருக்கிறார்கள் என்பது உறைத்தது.

சில நாள் கழித்து வெங்கடராமன் கடைக்கு வந்தார். சாயங்காலங்களில் கல்லாவில் செல்வராணி உட்காருவது வழக்கம். காப்பித்தூள் வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட பிறகும் மனிதர் நகரவில்லை.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்கப்படாது."

"சொல்லுங்க சார்."

"மது தூங்கவே மாட்டேங்கறா. கட்டில்லேர்ந்து காலைக் கீழ வெக்கப் பயப்படறா. அடியில தண்ணிச் சத்தம் கேக்கறதாம். அஞ்சாம் மாடியில ஏது தண்ணி? பக்கத்து ஆத்து வாஷிங் மெஷின்!"

ஆனந்த் சிரித்தான். வெங்கடராமன் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"மேப் தப்புன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ. நீங்க சொன்னாத்தான் கேப்பா. நாங்க சொல்லிப் பாத்தாச்சு. மிஸ்ஸுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமாங்கறா."

"சார், மேப் தப்பில்லையே. நீங்க யாராச்சும் நல்ல எஞ்சினியரைக் கூட்டிட்டு வந்து..."

"பேப்பரெல்லாம் சரியாத்தான் இருக்கு. லோன் குடுக்கறச்சே எல்லாம் பாத்துதான் குடுத்தா. அதுல குடி வந்தாச்சு. இனிமே மேப் தப்பில்லைன்னு அவளுக்கும் தெரிய வேண்டாம், எனக்கும் தெரிய வேண்டாம்."

கோபத்தில் சொன்னால் பதில் சொல்லியிருப்பாள். அவர் கெஞ்சினார். சட்டையை இஸ்திரி கலையாமல் போட்டுக்கொண்டு, கடை வாசலில், அப்பளக் கட்டுக்குப் பக்கத்தில் நின்று ஒரு பெரிய மனிதர் கெஞ்சினால் என்னத்தைச் சொல்வது? "பாக்கிறேன் சார்" என்று மட்டும் சொன்னாள்.

பார்க்கிறேன் என்று சொன்னவளை யார் விட்டார்கள்? அந்தக் கட்டடத்து வாட்ஸ்அப் குரூப்பில் விஷயம் பரவி, அங்கே செகரட்டரி என்று ஒருவர், பள்ளிக்கூடம் எங்கள் வீடுகளின் பெயரைக் கெடுக்கிறது, நாளைக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ வேண்டாமா என்று தலைமை ஆசிரியைக்கு போன் போட்டுவிட்டார். அந்த அம்மாள் செல்வராணியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சமோசா மாதிரியான சிங்காரா வரவழைத்து, அன்பாகவே சொன்னாள். இது சிலபஸில் இல்லாத பாடம். பிள்ளைகள் பயப்படுகிறார்கள். வகுப்பில் ஒரு வார்த்தை திருத்திச் சொல்லிவிட்டு அந்தப் பட்டர் பேப்பரை மடித்து வைத்துவிடு.

"சரியா இருக்கிறதைத் தப்புன்னு நான் எப்படிப் பொய் சொல்றது?" என்று ராத்திரிச் சாப்பாட்டில் ஆனந்திடம் பொரிந்தாள்.

"ஏன் ராணி, நீ மேப் சரின்னு சொன்னா அந்தக் கட்டடம் கெட்டியாயிருமா, தப்புன்னு சொன்னா விழுந்திருமா? புள்ள தூங்கட்டும். ஒரு வார்த்தைதானே."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. வீட்டை வாங்கியது அவள் இல்லை, குளத்தைத் தூர்த்தது அவள் இல்லை. ஒரு பிள்ளையின் தூக்கம்தான் அவள் கையில் இருந்தது.

மறுநாள் வகுப்பில் சொன்னாள். பழைய படத்தை வரைந்தபோது அளவுத்திட்டத்தில் நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன். அந்தக் குளம் இருந்தது ரெண்டு தெரு தள்ளி. மது வீடு கெட்டித் தரையில்தான் நிற்கிறது. அளவுத்திட்டத்தில் தப்பாம்! இத்தனை வருஷத்தில் அவள் செய்யாத ஒரே தப்பு அது. வகுப்பு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மது மட்டும் முகமெல்லாம் மலர்ந்து, பீரியட் முடிந்ததும் ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அன்று ராத்திரி அவள் அடித்துப்போட்டது போலத் தூங்கியதாக வெங்கடராமன் கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். போகும்போது கையெடுத்துக் கும்பிட்டார். செல்வராணிக்கு எழுந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

மழைக்காலம் வந்தது. இந்த வருஷம் பேய் மழை. தெருக்களில் முழங்கால் தண்ணீர் நிற்பதும் வடிவதும் மறுபடி நிற்பதுமாக இருந்தது. மழை வலுக்கும்போதெல்லாம் செல்வராணி கிழக்கே பார்ப்பாள். பார்த்து என்ன ஆகப்போகிறது? துர்கா பூஜை வந்தது, பந்தல் போட்டார்கள், பிரித்தார்கள். பூஜை, தீபாவளி லீவெல்லாம் முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது.

ஏழாம் வகுப்புக்கு அடுத்த பாடம் ஆறுகள். தண்ணீர் ஏன் ஓடுகிறது? சரிவு இருப்பதால் ஓடுகிறது. "உங்க வீட்டுல எங்கெல்லாம் சரிவு இருக்கு, சொல்லுங்க பாப்போம்" என்று எப்போதும் போலக் கேட்டாள். பாத்ரூம் தரை என்றாள் ஒருத்தி. மொட்டை மாடி என்றாள் இன்னொருத்தி. மது கையைத் தூக்கிக்கொண்டு பெஞ்சில் ஏறாத குறையாக நின்றாள்.

"எங்க ஹால்ல மிஸ்! வாசல்கிட்ட பென்சிலை வெச்சா தானாவே உருண்டு பால்கனி வரைக்கும் போகும். முன்னாடியெல்லாம் போகாது. இப்பத்தான் போகுது."

செல்வராணியின் கையிலிருந்த சாக்பீஸ் உடைந்தது. வகுப்பு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. பதில் என்னவோ சரியான பதில்தானே. "வெரி குட்" என்றாள். அவளுக்கே அந்தக் குரல் யாருடையதோ போல இருந்தது.

பீரியட் முடிந்ததும் மதுவை வராந்தாவில் நிறுத்தினாள்.

"அப்பாகிட்ட சொன்னியாம்மா?"

"சொன்னேனே. டைல்ஸ் போட்டவன் சரியா போடலைன்னார். பெட்ரூம் கதவுகூட இப்போ மூடறதில்லை மிஸ். மழையில கட்டை ஊதிடுத்தாம்."

இனியும் மறைப்பது பாவம் என்று தோன்றிவிட்டது செல்வராணிக்கு. குனிந்து அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"மது, நல்லாக் கேளு. நான் அன்னைக்குத் தப்புன்னு சொன்னேன் பாரு, அதுதான் தப்பு. மொதல்ல சொன்னதுதான் சரி. உங்க வீட்டுக்குக் கீழ நெசமாவே புக்குர்தான் இருந்துது. பயப்படாதே. ஆனா அப்பாகிட்ட மிஸ் சொன்னாங்கன்னு சொல்லு."

மது அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பயப்படவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"போங்க மிஸ். அப்போ எந்தத் தடவை சொன்னதை எழுதிக்கணும்?"

மணி அடித்தது. ஓடிப்போய்விட்டாள்.

இப்படி ஒரு கேள்வியைச் செல்வராணி எதிர்பார்க்கவில்லை. ஒரே ஒரு முறை பொய் சொன்னதில், அவள் இனி சொல்லப்போகும் நிஜத்துக்கெல்லாம் விலை போய்விட்டது.

பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குப் போகாமல் ஆட்டோ பிடித்துக் கஸ்பாவுக்குப் போனாள். வெளியிலிருந்து பார்க்கக் கட்டடம் லட்சணமாகத்தான் இருந்தது. மதுவின் அம்மா பத்மஜா கதவைத் திறந்து, "வாங்கோ டீச்சர், வாங்கோ! சொல்லாம கொள்ளாம! மது, யார் வந்திருக்கா பாரு!" என்று உபசாரம் செய்தாள். வெங்கடராமன் அன்று சீக்கிரமே வந்திருந்தார். அவளைப் பார்த்ததும் பேப்பரை மடித்து வைத்தார்.

எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். உட்கார்ந்த பிறகு அது தேவைப்படவில்லை. எதிரே இருந்த புத்தக அலமாரியின் ஒரு பக்கத்துக் கால்களுக்கு அடியில் மடித்த அட்டை. ஃப்ரிட்ஜுக்கு அடியில் மரத்துண்டு. டி.வி. மேஜைக்கு அடியில் பழைய டைரி ஒன்று. எல்லாம் பால்கனிப் பக்கத்துக் கால்களுக்கு மட்டும், வேலைப்பாடாக, வெளியே தெரியாதபடி வெட்டிச் சொருகியிருந்தது. யாரோ உட்கார்ந்து பொறுமையாகச் செய்த வேலை.

அவள் பார்ப்பதை வெங்கடராமன் பார்த்தார்.

"சார்..."

"தெரியும் டீச்சர்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மதுவுக்கு முன்னாடியே நான் உருட்டிப் பாத்துட்டேன். தீபாவளிக்கு முன்னாடியே."

"அப்ப ஏன் சார் இங்கயே இருக்கீங்க? வெளியேறிடலாமில்ல?"

"எங்க?"

அவரே மேலே சொன்னார்.

"பழைய வீட்டைக் காலி பண்ணிக் குடுத்தாச்சு. ரிட்டயர் ஆறவரைக்கும் இதுக்கு லோன் கட்டணும். இதைக் கட்டிண்டு இன்னொரு எடத்துக்கு வாடகையும் எப்படிக் குடுப்பேன்? வெளியில சொன்னா அத்தனை ஃப்ளாட்காராளும் என்னை அடிக்க வருவா. கட்டினவன் போனை எடுக்க மாட்டேங்கறான். ராத்திரியெல்லாம் முழிச்சுண்டு கெடக்கேன். மது நன்னாத் தூங்கறா, நீங்க பண்ணின புண்ணியம். அந்த ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்." ஒரு கணம் நிறுத்தினார். கண் கலங்கியிருந்தது. "நீங்க பூகோளம் சொல்லித்தரேளே டீச்சர். எங்களுக்கு ஒரு எடம் காட்டுங்கோளேன், போயிடறோம்."

உலகத்தின் அத்தனை சமவெளிகளும் பீடபூமிகளும் தெரிந்தவளுக்கு அந்த மூன்று பேருக்குக் காட்ட ஓர் இடம் தெரியவில்லை. அழுகை வந்தது. இந்த வீட்டில் அழக்கூட அவளுக்கு உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டாள்.

பத்மஜா காப்பியைக் கொண்டுவந்து, "ஆறிடப் போறது, குடிங்கோ" என்றாள். சாய்ந்திருந்த மேஜைமேல் வைக்காமல் டம்ளரைக் கையிலேயே நீட்டியதில், அவளுக்கும் தெரியும் என்பது புரிந்தது. செல்வராணி வாங்கிக் குடித்தாள்.

"மிஸ், இங்க பாருங்க!" மது வாசல்படியிலிருந்து கூவினாள். மண்டியிட்டு உட்கார்ந்து மஞ்சள் பென்சில் ஒன்றைத் தரையில் வைத்தாள். கையை எடுத்தாள். பென்சில் கொஞ்சம் யோசித்துவிட்டுப் புறப்பட்டது. கடகடவென்று உருண்டு, அலமாரியைத் தாண்டி, அப்பாவின் நாற்காலியைத் தாண்டி, செல்வராணியின் காலில் வந்து இடித்து நின்றது. பெரியவர்கள் மூன்று பேரும் அதையே பார்த்தார்கள்.

"சரிவுதானே மிஸ்? கரெக்ட்தானே?"

"கரெக்ட்தான்மா" என்றாள் செல்வராணி. பென்சிலை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். மது மறுபடியும் வாசலுக்கு ஓடினாள்.