சந்தனம் மறைத்த எண்

செவ்வாய்க்கிழமை காலை நான் பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது, நைனா போனைக் காதில் வைத்தபடியே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். மாடி வீட்டு நிர்மலா அக்கா இறந்துவிட்டார். முந்தின நாள்தான் அவரை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். அன்றிரவே காட்பாடியில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்கு ஸ்கூட்டரில் போகும்போது, புத்தலப்பட்டு அருகே லாரி மோதிவிட்டது.

திருப்பதிக்கு வெளியே இருக்கும் டேட்டா சென்டரில் நீங்கள் எல்லோரும், நைனாவும், அவரோடு வேலை செய்தவர்கள். அந்த வேலையை அக்கா எனக்கு இப்படித்தான் விளக்கினார்: "சர்வர் பெட்டிக்கு கரண்ட் குடுத்தா, நான் யாருன்னு அது கேக்கும். மேல ஒரு புரோகிராம், லிஸ்ட்ல நம்பரைப் பாத்து அதுக்குப் பேரும் வேலையும் குடுக்கும். ஆள் தொடவே வேணாம். அதான் எனக்கு பயம்." லிஸ்ட் தப்பென்றால் எல்லாம் தப்பு. அதனால் ஒருவர் பெட்டியின் எண்ணைப் படிக்க, இன்னொருவர் லிஸ்ட்டைப் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது அவர் போட்ட விதி. 'அட்டெண்டன்ஸ் டீச்சர்' என்று நீங்கள் கேலி செய்வீர்களாம். ஆஜர் சொல்லாத பெட்டிக்கு டிபன் கிடையாது என்பாராம் அவர்.

புதிய கூடத்துக்குப் பூஜை போட்ட அன்று எங்களையும் வரச் சொன்னார்கள். யாரோ சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் வெள்ளையாக ஒரு சின்னச் சீட்டு இருந்தது. பொட்டு வைக்க அதுதான் இடம் என்று நினைத்தேன்.

மறுநாள் லிஸ்ட் எழுதியவர் நைனா. இரண்டு பெட்டிகளின் சீட்டில் எண்கள் முழுவதும் சந்தனத்துக்கு அடியில் இருந்தன. சாமிக்கு வைத்ததைத் துடைக்க அவருக்குக் கை வரவில்லை. அவை வந்த அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த வரிசையைப் பார்த்து, அவற்றின் மேலிருந்த எண்களை எழுதிவிட்டார். திருப்பிச் சொல்லிப் பார்த்தீர்களா என்று அக்கா போனில் கேட்டதற்கு, பார்த்தோம் என்று சொல்லிவிட்டார். இதையெல்லாம் நைனா என் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னதை நான் கேட்டேன். இரண்டு எண்களும் இடம் மாறியிருந்தன. அக்கா அதை நம்பிப் பொத்தானை அழுத்தினார். கூடம் முழுவதும் இணைப்பு அறுந்துபோனது. அதற்காகத்தான் அக்காவை நிறுத்தினார்கள்.

திங்கட்கிழமை சாயந்திரம் அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணா, நீங்க நம்பரைப் படிச்சீங்களா, இல்ல நெனச்சிக்கினீங்களா?"

"படிச்சேன்மா," என்றார் நைனா, தரையைப் பார்த்தபடி.

 அக்கா போகும்போது அந்தச் சீட்டுகளில் ஒன்றை என் கையில் வைத்தார். சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. "பொட்டு வெச்சது தப்பில்லடி. தொடச்சிப் பாக்காததுதான் தப்பு," என்றார்.

நாளை இரங்கல் கூட்டம். இணைப்பு அறுந்ததற்கு அக்காவின் கவனக்குறைவுதான் காரணம் என்று எழுதிய அறிக்கையில் நாளைதான் கையெழுத்துப் போடுவார்களாம். அவருடைய அம்மாவும் வருகிறார். நைனாவைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "நல்லவங்கன்னு எழுதிக்குடு. வேலையப் பத்தி ஒண்ணும் வேணாம்," என்று என்னிடம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். அது அவர் சட்டைப் பையில் இருக்கிறது.

இப்போது எல்லோரும் தூங்குகிறார்கள். குளியலறை விளக்கில் இதை எழுதுகிறேன். நைனா இருமும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது. இந்த வேலை போனால் நாங்கள் கங்காதர நெல்லூருக்கே திரும்பி, கூலிக்குத்தான் போக வேண்டும். அது எனக்குத் தெரியும்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தச் சீட்டும் அந்த ஒரு கேள்வியும்தான். சீட்டின் சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். எண் தெளிவாகத் தெரிகிறது. நைனாவின் சட்டைப் பையில் இருக்கும் தாளை எடுத்துவிட்டு, இப்போது எழுதும் இந்தத் தாளை மடித்து வைக்கப் போகிறேன். நைனா எதையும் முன்னதாகப் படித்துப் பார்ப்பவர் அல்ல. நாளை உங்கள் முன்னால்தான் படிப்பார்.